பொருள்: சாவுக்கும் உயிர்த்தெழுதலுக்கும் நடுவே – சொல் வேண்டும் (அவசரம்)

சுங்கை சிப்புட்டிலிருந்து:
திடப்படுத்தல் வகுப்புக் குறிப்பு (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்குக்கான பாடம்) வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இறந்தபின், கிறிஸ்துவின் வருகையில் சரீரம் எழும்வரை ஆத்துமா இருக்கும் நிலைக்கு ஒரு சொல் தேவை. பழைய குறிப்பில் 'இடைநிலை'. தோட்டப் பிள்ளைகளுக்கு அது இடைநிலைப்பள்ளி, முதலாம் படிவம். 'பரலோகம் போனார்' என்று முடித்தால், பிறகு சரீரம் எதற்கு என்று கேட்கிறார்கள். சிலர் மறுபிறவி என்றே எழுதுகிறார்கள்.

ஈப்போ:
இடைநிலையைத் தள்ளாதீர்கள் டீச்சர். இலக்கணத்தில், ஒரு சொல்லின் பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே நின்று காலம் காட்டுவது அதுதானே! எழும் உடலுக்கு 'உயிர்மெய்' என்றே வைக்கலாம். 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்று நன்னூலாரே வழிவிட்டிருக்கிறார்.

கிள்ளான்:
ஐயா, அது மாற்றமில்லாமல் சேரும் இயல்புப் புணர்ச்சி. 1 கொரிந்தியர் 15 சொல்வது விகாரம், அதாவது மாற்றத்தோடு சேர்வது: அழிவுள்ளதாய் விதைக்கப்பட்டது அழிவில்லாததாய் எழுகிறது. தோன்றலும் கெடுதலும் அல்ல, திரிதல். அதே உடல், மாறிய உடல். என் பரிந்துரை 'குடிபோன நிலை'. 2 கொரிந்தியர் 5:8இல் 'தேகத்தை விட்டுக் குடிபோகவும்' என்று இருக்கிறதே.

சுங்கை சிப்புட்:
பலகையில் எழுதினால் 'குடிபோதை' என்று வாசிப்பார்கள். 'நித்திரை'யும் ஆகாது. இறந்தவர்களுக்கு உணர்வே இல்லை என்ற அட்வென்டிஸ்டு கருத்தாகிவிடும். லூக்கா 16இல் ஐசுவரியவான் பாதாளத்தில் பேசுகிறான். 'காத்திருப்பு நிலை' எப்படி?

தெலுக் இந்தான்:
கத்தோலிக்கருக்கு அது பாதிதான் சரி. இறந்ததும் ஒவ்வொருவருக்கும் தனித்தீர்ப்பு. தூய்மை பெற்ற ஆன்மா உடல் எழுமுன்பே கடவுளை நேருக்கு நேர் காண்கிறது. திருத்தந்தை 12ஆம் பெனடிக்ட் 1336இல் இதை அறுதியிட்டார். தூய்மை பெற வேண்டியது மிச்சமிருந்தால், அதற்கான உத்தரிக்கிற ஸ்தலம். காத்திருப்பு என்றால் கிளினிக்கில் நம்பர் எடுத்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

கிள்ளான்:
வெளிப்படுத்தல் 6இல் பலிபீடத்தின் கீழுள்ள ஆத்துமாக்களுக்கு இன்னும் கொஞ்சக்காலம் இளைப்பாறச் சொல்லப்படுகிறது. கடவுளருகே இருந்தும் காத்திருக்கலாம். புரிகிற சொல், விடுங்கள்.

சுங்கை சிப்புட்:
சரி, 'காத்திருப்பு நிலை'. எதற்குக் காத்திருப்பு என்று கேட்பார்கள். 'சரீர மீட்புக்கு, ரோமர் 8:23' என்று பக்கத்திலேயே போட்டுவிடுகிறேன். கத்தோலிக்கப் போதனை அடிக்குறிப்பில்.

ஈப்போ:
என் மறுப்பு பதிவாகட்டும். கிள்ளான் ஐயா விகாரம் கேட்டார்: 'எழுந்தான்' (எழு+த்+த்+ஆன்) என்பதிலேயே சந்தித் தகரம் நகரமாய்த் திரிந்திருக்கிறது. உயிர்மெய்க்குத் தடை இல்லை.