காலை ஒன்பது மணி ஆனால் சித்தப்பா கிணறு காணாமல் போகிறது

ஒடுகத்தூரான் எழுதியது:

வணக்கம். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன், மீதி நேரம் கழனி. நெட்வொர்க் எல்லாம் பார்த்தும் நோண்டியும் கற்றதுதான். தப்பாகச் சொன்னால் திருத்துங்கள்.

எங்கள் நிலம் ஜவ்வாது மலை அடிவாரத்தில். ஃபைபர் இணைப்பு ரோட்டோரம் இருக்கும் வீடு வரைதான் வந்திருக்கிறது. போன தை மாதம் போர்வெல் ஒயரை இரண்டு முறை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சரி, கேமரா வைத்துவிடலாம், கூடவே மோட்டார் ஓடுகிறதா என்றும் கடையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கினேன். பழைய ரவுட்டர் ஐந்தில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டருக்கான லினக்ஸ் மென்பொருளை ஏற்றி 802.11எஸ் மெஷ் போட்டேன், அதாவது ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வைஃபையிலேயே டேட்டாவைக் கைமாற்றும் வலை. எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ்.

இருப்பு இப்படி. வீட்டிலிருந்து மாட்டுக் கொட்டாய் 90 மீட்டர். அங்கிருந்து தென்னந்தோப்பு பம்புசெட் 120 மீட்டர். அதற்கு அப்பால் 140 மீட்டரில் சித்தப்பா கிணறு. ஐந்தாவது ரவுட்டர் பக்கத்துப் பாறை மேல் தண்ணீர் தொட்டியில். தொட்டிக்கும் வீட்டுக்கும் 300 மீட்டர் இருக்கும், நடுவில் தோப்பின் மட்டைகள்.

ராத்திரி முழுக்க அருமையாக ஓடுகிறது. காலை ஒன்பதுக்கு மும்முனை கரண்ட் வந்த ஐந்தாவது நிமிஷம் சித்தப்பா கிணற்றுக் கேமரா உறைந்துவிடுகிறது. எந்த ரவுட்டர் வழியாக டேட்டா போகிறது என்ற வழிப்பட்டியலை எடுத்துப் பார்த்தால், வழக்கமாகப் பம்புசெட், கொட்டாய், வீடு என்று போகிற டேட்டா, தொட்டி வழியாக வீட்டுக்கு ஏறிக் குதிக்கிறது. ஒரு ரவுட்டரிலிருந்து அடுத்ததற்குப் போவது ஒரு தாவல் என்றால், மூன்று தாவலுக்குப் பதில் இரண்டே தாவல், ஆனால் ஒன்றும் போய்ச் சேருவதில்லை. கொஞ்ச நேரத்தில் தானாகப் பழைய வழிக்கு வருகிறது, மறுபடி போகிறது.

இன்னொன்று. தொட்டி நிரம்பினால் மிதவை சென்சார் நேராகப் பம்புசெட் போர்டுக்குச் சொல்லி மோட்டாரை நிறுத்த வேண்டும். அந்தச் செய்திக்கு இன்டர்நெட்டே வேண்டாம். கேமராவுக்கோ வீட்டு கேட்வே, அதாவது இன்டர்நெட்டுக்கான வாசல், கட்டாயம் வேண்டும். இரண்டும் ஒரே மெஷ்ஷில் இருப்பதுதான் குழப்பமா? வழியைக் கையால் எழுதிப் பூட்டிவிடலாமா?

காட்பாடி ஒயர்மேன் எழுதியது:

தம்பி, ரவுட்டிங்கை, அதான் வழி தேடும் வேலையை, அப்புறம் பார்ப்போம். ஒன்பது மணிக்கு என்ன நடக்கிறது? மோட்டார் ஏறுகிறது. நேரடி ஸ்டார்ட்டர் என்றால் எடுக்கும் நொடியில் ஓடுகிற கரண்ட்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். கடைக்கோடி லைனில் வோல்டேஜ் தொபுக்கென்று விழும். உங்கள் பம்புசெட் ரவுட்டர் அதே லைனில் அடாப்டர் போட்டுத்தானே ஓடுகிறது? (பம்புசெட் சர்வீஸில் அதையெல்லாம் மாட்டலாமா என்று நான் கேட்கவில்லை.) ரவுட்டர் செத்துப் பிழைக்க ஒன்றரை நிமிஷம். அதற்குள் அதை நம்பி இருந்தவன் வேறு வழி தேடிக்கொள்வான், அதுதான் மெஷ்ஷின் வேலையே. பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஒவ்வொன்றும் ஏறும்போது மறுபடி அதே கதை. சிஸ்டம் லாகில் அப்டைம் (ரவுட்டர் எழுந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்பது) பாருங்கள், தெரிந்துவிடும்.

ஆனால் தேடியவன் ஏன் ஓட்டை வழியில் போய் விழுந்தான் என்பது நியாயமான கேள்வி. வழி கேட்கிற பாக்கெட் (டேட்டாத் துண்டு) பிராட்காஸ்ட்டாக, அதாவது எல்லோருக்கும் பொதுவாக, போகிறது. உங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் அது 1 எம்பிபிஎஸ் வேகத்தில், குட்டி பாக்கெட்டாகப் போகும். மெதுவாகப் பேசினால் தூரத்தில் இருப்பவனுக்கும் கேட்கும் இல்லையா, அதனால் 300 மீட்டர் தென்னை மட்டையைத் தாண்டியும் அது போய்ச் சேருகிறது. பதிலும் வருகிறது. அதை நம்பிக் கேமரா படத்தைப் பெரிய பாக்கெட்டாக, வேகமாக அனுப்பினால் பாதியிலேயே விழுந்துவிடுகிறது. 802.11எஸ் தாவலை மட்டும் எண்ணுவதில்லை, ஒரு ஃபிரேம் போய்ச் சேரக் காற்றில் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று வேகத்தையும் பிழையையும் வைத்துக் கணக்குப் போடுகிறது. என்ன பிரயோஜனம், டேட்டா போகாமல் சும்மா கிடக்கிற லிங்க்குக்கு அந்தக் கணக்கு நம்பும்படி இருக்காது.

மெஷ் அமைப்பில் ஆர்எஸ்எஸ்ஐ த்ரெஷோல்ட் (சிக்னல் பலத்துக்கான கீழ் வரம்பு) என்று ஒன்று இருக்கும், இயல்பாக 0, அதாவது யாரோடும் சேருவான். மைனஸ் 72 என்று வையுங்கள். அதைவிட மெலிந்து கேட்கிறவனோடு கூட்டே வைக்க மாட்டான். மல்ட்டிகாஸ்ட் வேகத்தையும், அதாவது பொதுவாக அனுப்பும் பாக்கெட்டின் வேகத்தையும், 12 எம்பிபிஎஸ்ஸுக்கு ஏற்றிவிடுங்கள். வழியைக் கையால் மட்டும் பூட்டாதீர்கள். பூட்டினால் கொட்டாய் ரவுட்டரை மாடு ஒன்று முட்டித் தள்ளிய அன்று எல்லாமே நின்றுபோகும்.

பாலாற்று மணல் எழுதியது:

இதற்கெல்லாம் வைஃபையே வேண்டாம். மிதவை சென்சார் அனுப்புவது நிறைகிறதா இல்லையா என்ற ஒரே சேதி, நாலு பைட்டுக்கு மேல் இல்லை. லோரா போடுங்கள், குட்டிச் சேதியை வெகுதூரம் அனுப்பும் ரேடியோ, 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை நம் நாட்டில் உரிமம் தேவையில்லாத பேண்ட், மட்டை என்ன, தோப்பையே தாண்டும். தொட்டியில் ஒன்று, பம்புசெட்டில் ஒன்று, நேருக்கு நேர். ரவுட்டிங் என்ற பேச்சே இல்லை. கேமராவுக்கு மட்டும் மெஷ் வைத்துக்கொண்டு மாரடியுங்கள்.

பழைய வாத்தியார் எழுதியது:

ஒயர்மேன் சொன்னது சரியான நோய் கண்டுபிடிப்பு. மணல் சொன்னதிலும் எனக்குப் பாதி சம்மதம். ஆனாலும் கேமராவும் மிதவையும் ஒரே மெஷ்ஷில் இருப்பதுதான் குழப்பமா என்று தம்பி கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. இருபத்தைந்து வருஷம் இதை வகுப்பில் நடத்தியவன், விட மனசில்லை.

வழி தெரிந்துகொள்வதில் இரண்டு சுபாவம் உண்டு. ஒருவன் போகிறானோ இல்லையோ, எல்லா ஊருக்கும் வழியை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பான். 1994ல் வந்த டிஎஸ்டிவி, 2003ல் ஆர்எஃப்சி (இணைய நெறிமுறை ஆவணம்) 3626 ஆக வந்த ஓஎல்எஸ்ஆர் என்ற வழி தேடும் நெறிமுறைகள் எல்லாம் இந்த ஜாதி. கேட்ட மாத்திரத்தில் வழி கிடைக்கும், ஆனால் பட்டியலைப் புதுப்பிக்கவே காற்றில் ஓயாமல் பேச்சு. இன்னொருவன் கிளம்பும்போதுதான் கேட்பான். அதே 2003ல் ஆர்எஃப்சி 3561 ஆக வந்த ஏஓடிவி அப்படி. அதுவும் எடுத்த எடுப்பில் ஊர் முழுக்கத் தண்டோரா போடாது. முதலில் ஒரு தாவல் தூரத்துக்குள் கேட்கும், பதில் இல்லையென்றால் மூன்று, ஐந்து, ஏழு, அதற்கும் மேல்தான் மொத்த வலைக்கும்.

இரண்டையும் கலந்தால்? கார்னெல் பல்கலைக்கழகத்தின் சிக்மண்ட் ஹாஸ் 1997ல் ஸோன் ரவுட்டிங் என்று ஒன்றைச் சொன்னார். பொய்கை மாட்டுச் சந்தைக்கு வருகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊரில் எந்தத் தெருவில் யார் வீடு என்று அவருக்கு யாரையும் கேட்காமல் தெரியும். வெளியூர் ஆள் வீடு வேண்டுமென்றால், வீடுவீடாகக் கதவு தட்டாமல், ஊர் எல்லையில் இருப்பவர்களை மட்டும் விசாரிப்பார். அவர்கள் தங்கள் ஊருக்குள் தெரிந்தால் சொல்வார்கள், இல்லையென்றால் தங்கள் எல்லைக்குக் கேள்வியைத் தள்ளுவார்கள். எல்லையை எத்தனை தாவலில் வைப்பது என்பதில்தான் சூட்சுமமே. ஒரு தாவல் என்று வைத்தால் முழுக்கக் கேட்டுப் போகிறவன் ஆகிவிடுவான், வலை முழுக்க என்று வைத்தால் முழுக்க எழுதி வைப்பவன்.

தம்பியிடம் இருக்கிற 802.11எஸ் வேறு விதமான கலப்பு. அதன் வழி தேடும் முறையான ஹெச்டபிள்யூஎம்பியில் ஒரு முனையை வேர் என்று அறிவிக்கலாம். வேர் அவ்வப்போது தன்னைச் சொல்லிக்கொண்டே இருக்கும், மற்றவை அதை நோக்கி ஒரு மரமாக வழி வைத்திருக்கும். மற்ற இருவர் தங்களுக்குள் பேச வேண்டுமென்றால் ஏஓடிவி பாணியில் அந்த நேரத்துக்குக் கேட்டுக்கொள்ளலாம். உங்கள் நிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இல்லையா? கேமராக்கள் எல்லாம் வீட்டைப் பார்த்தே போகின்றன, அதற்கு மரம். தொட்டிக்கும் பம்புசெட்டுக்கும் மரம் வேண்டாம், பார்த்த தூரம், கேட்டால் நேர்வழி கிடைக்கும். ஆனால் லினக்ஸில் வேர் முறை இயல்பாக அணைந்திருக்கிறது. உங்கள் ஐந்து ரவுட்டரும் இன்றுவரை எல்லாவற்றுக்கும் கேட்டுக் கேட்டுத்தான் போயிருக்கின்றன. வீட்டு ரவுட்டரில் மட்டும் ரூட்மோட் (வேர் முறைக்கான அமைப்பு) 3 என்று வையுங்கள், வெளியே போகும் வாசல் இதுதான் என்று சொல்லும் கேட் அறிவிப்பையும் போடுங்கள்.

வேகத்தைப் பற்றியும் ஒன்று. ஒரே ரேடியோவில் வாங்குவதும் கொடுப்பதும் நடப்பதால் இரண்டாவது தாவலில் வேகம் பாதி, மூன்றாவதில் மூன்றில் ஒன்று. 2000ல் குப்தாவும் குமாரும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: ஒயரே இல்லாத வலையில் முனைகள் பெருகப் பெருக ஒவ்வொருவர் பங்கும் தேய்ந்துகொண்டே போகும். அதனால்தான் நடுநடுவே ஒயர் நுழைந்த இடங்களை வைத்துக் கலப்பு வலையாக்குகிறார்கள். உங்களால் முடிந்தால் வீட்டிலிருந்து கொட்டாய்க்கு 90 மீட்டர் கேபிள் இழுங்கள். ஈத்தர்நெட்டுக்கு 100 மீட்டர் வரை அனுமதி உண்டு. அதோடு ஒரு தாவல் மிச்சம்.

ஒடுகத்தூரான் எழுதியது:

எல்லோருக்கும் பெரிய நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், நடுவில் நெல் அறுப்பு.

ஒயர்மேன் அண்ணா, அப்டைம் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். ஒரே காலையில் பம்புசெட் ரவுட்டர் ஏழு முறை எழுந்திருக்கிறது. அதைக் கரண்ட்டிலிருந்து பிரித்து ஒரு சின்ன சோலார் பலகை, பேட்டரி போட்டேன். மைனஸ் 72 வைத்ததும் தொட்டியும் வீடும் ஒன்றையொன்று பார்ப்பதையே விட்டுவிட்டன. முதல் நாள் பயந்தேன், தொட்டி தனியாகிவிடுமோ என்று. இல்லை, பம்புசெட்டைப் பிடித்துக்கொண்டது.

வாத்தியார் ஐயா, ரூட்மோட் வைத்தபின் வழிப்பட்டியல் குதிக்காமல் நிற்கிறது. மிதவை செய்தியும் வீட்டுக்குப் போய்த் திரும்பாமல் தொட்டியிலிருந்து நேராகப் பம்புசெட்டுக்கு ஒரே தாவலில் போகிறது, பார்த்துவிட்டேன். கேபிள் இழுத்ததில் சித்தப்பா கிணற்றில் 8 எம்பிபிஎஸ் வந்துகொண்டிருந்தது 13 ஆகியிருக்கிறது. மணல் அண்ணாவின் லோராவை அடுத்த போகத்துக்கு வைத்திருக்கிறேன், மலையடிக் கொல்லைக்கு வைஃபை எட்டவே எட்டாது.

சித்தப்பாவிடம் கேமரா படம் இனி நிற்காது என்று காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் என்று இதில் தெரியுமா என்றார். அதற்கு என்ன சென்சார் போடலாம், 60 அடி திறந்த கிணறு, உள்ளே புறா கூடு இருக்கிறது. யாராவது போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.