டிசம்பர் இறுதியில் கடலில் விட்டு வந்த நண்டுக் கூண்டை எடுக்கப் போகலாமா?

கேள்வி: புதுப்படகு

வணக்கம். வாஷிங்டன் மாநிலத்தின் எவரெட் நகரில் வசிக்கிறேன். பியூஜெட் சவுண்ட் என்னும் கடற்கழியில் டஞ்சனஸ் நண்டு பிடிக்கத் தொடங்கி இது இரண்டாவது ஆண்டு. கோடையில் பழகியதை வைத்துக்கொண்டு குளிர்காலப் பருவத்தையும் ஓட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன். சென்ற சனிக்கிழமை அந்த நினைப்பு கலைந்துவிட்டது.

என்னுடையது 16 அடி அலுமினியப் படகு, 25 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். ஆளுக்கு இரண்டு கூண்டு என்ற கணக்கில் நானும் என் மைத்துனரும் வெள்ளிக்கிழமை ஹாட் தீவுக்கு அருகே, ஏறத்தாழ 80 அடி ஆழத்தில் நான்கு கூண்டுகளை இறக்கிவிட்டு வந்தோம். மறுநாள் காலை வானிலை அறிக்கையைப் பார்த்தபோது, தெற்குக் காற்று 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் வீசும் என்றும், பிற்பகலில் 25 நாட் வரை கூடும் என்றும் சொல்லி, சிறு படகுகளுக்கான எச்சரிக்கையும் விடுத்திருந்தார்கள். காலையிலேயே போய்த் திரும்பிவிடலாம் என்று புறப்பட்டோம்.

முதல் இரண்டு கூண்டுகள் எப்படியோ வந்துவிட்டன. மூன்றாவதை மைத்துனர் படகின் பின்புறத்தில் நின்று இழுத்தார். கூண்டு சேற்றில் புதைந்திருந்ததோ என்னவோ, அசையவில்லை. கை ஓய்ந்துபோய்க் கயிற்றைப் பின்மூலையில் இருந்த, படகைக் கட்டும் கொண்டியில் சுற்றிக் கட்டினார். அவ்வளவுதான், படகு பின்புறமாக நங்கூரம் பாய்ச்சியதுபோல் நின்றுவிட்டது. அடுத்த அலை பின்பலகையைத் தாண்டி உள்ளே விழுந்தது, அதற்கடுத்ததும் விழுந்தது. கணுக்காலுக்கு மேல் தண்ணீர். இரை வெட்டும் கத்தியால் கயிற்றை அறுத்துவிட்டு, நான்காவது கூண்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கரைக்கு வந்துவிட்டோம்.

டிசம்பர் 31 அன்று பருவம் முடிகிறது. நான்காவது கூண்டு மிதவையோடு அங்கேயே கிடக்கிறது. மூன்றாவது மிதவையில்லாமல் அடியில் கிடக்கிறது. எங்கே தவறினோம்? முடிவதற்குள் எப்படியாவது போய் எடுத்துவிட வேண்டுமா? அறுத்துவிட்ட கூண்டுக்கு அபராதம் விதிப்பார்களா?

மறுமொழி: செம்மிதவை

முதலில், அந்தக் கயிற்றை அறுத்தது சரியான செயல். அந்த நிலையில் பலர் முடிச்சை அவிழ்க்க முயன்று நேரத்தை இழந்துவிடுவார்கள். இழுவிசையில் இறுகிய ஈர முடிச்சைக் குளிரில் மரத்த விரல்களால் அவிழ்க்கவே முடியாது.

எங்கே தவறினீர்கள் என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள்: பின்புறம். சிறு படகில் மிகத் தாழ்ந்த இடம் பின்பலகைதான். எஞ்சினின் எடையும், எஞ்சினைப் பிடித்திருப்பவரின் எடையும் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. கயிறு இழுப்பவரும் அங்கேயே போய் நின்று, கூண்டின் எடையும் சேர்ந்தால், நீர்மட்டத்துக்கும் பலகை விளிம்புக்கும் இடையே ஒரு சாண்கூட மிஞ்சாது. அதோடு கயிறு புரொபெல்லருக்குப் பக்கத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும்.

நான் பின்பற்றும் முறை இது. காற்று போகும் திசையிலிருந்து, அதாவது படகின் மூக்கு காற்றை எதிர்கொள்ளும்படி, மிதவையை மெதுவாக நெருங்குவேன். மிதவை படகின் முன்பாதியில், காற்று அடிக்கும் பக்கத்தில் வரவேண்டும்; அப்போதுதான் காற்று படகைக் கயிற்றின்மேல் தள்ளாமல், கயிற்றை விட்டு விலக்கித் தள்ளும். கொக்கிக் கழியால் மிதவையை எடுத்தவுடன் எஞ்சினை நியூட்ரலில் போட்டுவிட வேண்டும். இழுப்பவர் நிற்கக்கூடாது, முழங்காலிட்டு, தொடையைப் பக்கச் சுவரோடு அழுத்திக்கொண்டு இழுக்க வேண்டும். மற்றவருக்கு மூக்கைக் காற்றுக்கு நேராக வைத்திருப்பது ஒன்றே வேலை. நண்டை எட்டிப்பார்ப்பது அவர் வேலையல்ல (என் வீட்டில் இதற்காகவே சண்டை நடந்திருக்கிறது).

கூண்டு சேற்றில் சிக்கியிருந்தால் கயிற்றை முன்மூக்கில் உள்ள கொண்டியில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையிலேயே பிடித்துக்கொள்ளுங்கள், முடிச்சு வேண்டாம். அலை மூக்கைத் தூக்கும்போது அதன் விசையே கூண்டைப் பிடுங்கிவிடும். பிடுங்காவிட்டால் கையை விட்டுவிடலாம்.

நான்காவது கூண்டைப் பொறுத்தவரை, காற்று 10 நாட்டுக்குக் கீழே இருக்கும் ஒரு காலைப்பொழுது மாத இறுதிக்குள் பெரும்பாலும் கிடைத்துவிடும். அன்று போய் எடுத்துவிடுங்கள்.

மறுமொழி: சோழகம்

செம்மிதவை சொன்ன முறையில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் தவறு சனிக்கிழமை நடந்ததாக அவர் சொல்வதை ஏற்க முடியவில்லை. அது வெள்ளிக்கிழமையே நடந்துவிட்டது. கூண்டை இறக்கும் நாளின் வானிலையைப் பார்த்து இறக்குவது கோடைக்காலப் பழக்கம். குளிர்காலத்தில் எடுக்கும் நாளின் வானிலையைப் பார்த்த பிறகே இறக்க வேண்டும். ஏனெனில், கடலுக்குள் கூண்டு ஒன்று கிடந்துவிட்டால் உங்கள் முடிவு உங்கள் கையில் இருக்காது. அது உங்களை இழுத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் எச்சரிக்கையைப் படித்துவிட்டும் புறப்பட்டதற்கு வேறு காரணம் இல்லை. அக்டோபருக்குப் பிறகு நான் கூண்டை இரவில் விட்டுவைப்பதே கிடையாது. காலையில் இறக்கி, மூன்று மணி நேரம் அந்தப் பக்கத்திலேயே இருந்து, எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். நண்டு குறையும்தான்.

நான் யாழ்ப்பாணத்துக் கரையில் வளர்ந்தவன். அங்கே தெற்கிலிருந்து வரும் காற்றைச் சோழகம் என்பார்கள். இங்கே குளிர்காலப் புயல்களின் காற்றும் பெரும்பாலும் தெற்கிலிருந்துதான் வருகிறது. ஆனால் வெம்மையில் ஒற்றுமை இல்லை, குணத்திலும் இல்லை. பியூஜெட் சவுண்டின் நடுப்பகுதி தெற்கு வடக்காக நீண்டு கிடப்பதால், தெற்குக் காற்று தடையின்றி நெடுந்தூரம் நீரின்மேல் ஓடிவந்து அலையை வளர்த்துக்கொண்டுதான் உங்களிடம் வருகிறது. அதோடு வற்றுப் பெருக்கையும் பாருங்கள். நீங்கள் இருக்கும் பொசெஷன் சவுண்டில் வற்று நீர் தெற்கு நோக்கி வடிகிறது. ஓட்டம் பலமில்லாவிட்டாலும் காற்றும் நீரும் நேருக்கு நேர் முட்டும்போது அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். 16 அடி வள்ளத்துக்கு உயர்ந்த அலையைவிட நெருங்கிய அலைதான் எமன். குளிர்காலத்தில் பெரிய வற்று இரவில் அமைவதால், பகலின் உயர்ந்த நீர்மட்டத்திலிருந்து மாலை நோக்கி நீர் நீண்ட நேரம் வடிந்துகொண்டே இருக்கும். உங்கள் அறிக்கையில் காற்று கூடுவதும் அதே பிற்பகலில்தான் என்பதைக் கவனித்தீர்களா?

இங்கே தேசிய வானிலைச் சேவை 21 நாட்டிலிருந்து 33 நாட் வரையான காற்றுக்குத்தான் சிறு படகு எச்சரிக்கை விடுக்கிறது. அந்தச் சொல்லைப் பார்த்தால் எனக்கு அன்றைக்குக் கடல் இல்லை. நீர் டிசம்பரில் ஏறத்தாழ 9 பாகை செல்சியஸ்தான் இருக்கும். குளிர்நீர் ஆய்வாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் வகுத்த கணக்கு ஒன்று உண்டு: விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம்தான், நினைவு தப்புமுன் 1 மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் உயிர்காப்பு அங்கி அணிந்திருப்பவருக்கு மட்டுமே கிடைக்கும். நீங்கள் இருவரும் அணிந்திருந்தீர்களா என்று உங்கள் பதிவில் இல்லை. கையடக்க வானொலிக் கருவியும் இருக்கட்டும். 16ஆம் அலைவரிசையில் கடலோரக் காவல்படையை அழைக்கலாம். ஈரக் கையால் கைப்பேசித் திரையைத் தொட்டுப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

மறுமொழி: பருத்திநூல்

சட்டம் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

தொலைந்த கூண்டைப் பற்றி நீங்களாகவே தெரிவித்தால் அபராதம் இல்லை. மீன்வள, வனவிலங்குத் துறைக்கு இடத்தையும் ஆழத்தையும் தெரிவியுங்கள். கயிறு அறுந்தது என்பதையும் குறிப்பிடுங்கள். பியூஜெட் சவுண்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 12,000 கூண்டுகள் இப்படித் தொலைவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இடம் தெரிந்தால்தான் தேடி எடுக்க முடியும். நான்காவது கூண்டு வேறு வகை. பருவம் முடிந்த பிறகு அதைக் கடலில் வைத்திருப்பது விதிமீறல். இறுதி நாள்வரை காற்று அடங்காவிட்டால், 31ஆம் தேதிக்கு முன்பே துறையை அழைத்து நிலைமையைச் சொல்லிவிடுங்கள். அதை எடுக்க உயிரைப் பணயம் வைக்கும்படி எந்த விதியும் கேட்கவில்லை.

இன்னொன்று. கூண்டின் மூடியை எதனால் கட்டியிருந்தீர்கள்? நீரில் மக்கிப்போகும் பருத்தி நூலால் கட்ட வேண்டும் என்பது விதி. நூல் மக்கியதும் மூடி திறந்து உள்ளிருக்கும் நண்டுகள் வெளியேறும். நூல் மக்காவிட்டால் உள்ளே செத்த நண்டே அடுத்த நண்டுக்கு இரையாகி, ஆளில்லாத கூண்டு பிடித்துக்கொண்டே இருக்கும்.

மிதவையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், காற்று இழுத்துப்போயிருக்கலாம். எடை குறைந்த கூண்டுகள் குளிர்காலத்தில் நகரும். உள்ளே இரும்புக் கம்பித் துண்டுகளைக் கட்டிவிடுவது நல்லது. கயிறும் ஆழத்தைவிட மூன்றில் ஒரு பங்காவது நீளமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் உயர்நீரில் மிதவை முழுகிவிடும்.

கேட்டவர் மீண்டும்: புதுப்படகு

மூவருக்கும் நன்றி. உயிர்காப்பு அங்கி இருவருமே அணிந்திருந்தோம்; ஆனால் மைத்துனர் கயிறு இழுக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று முன்பட்டையைத் திறந்துவிட்டிருந்தார். சோழகம் அவர்கள் கேட்ட பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

29ஆம் தேதி காலை காற்று 5 நாட்தான் இருந்தது. ஜெட்டி தீவின் மறைவிலிருந்து வெளியே வந்ததும் நின்று, பத்து நிமிடம் நீரைப் பார்த்துவிட்டே போனோம். மிதவை நாங்கள் குறித்துவைத்த இடத்திலிருந்து ஏறத்தாழ 200 கஜம் வடக்கே நகர்ந்திருந்தது. மூக்கைக் காற்றுக்கு நேராக வைத்து, முன்பக்கத்திலிருந்து முழங்காலிட்டு இழுத்தபோது, அதே 80 அடி ஆழத்திலிருந்து கூண்டு இவ்வளவு எளிதாக வரும் என்று நம்பவே முடியவில்லை. உள்ளே ஒன்பது நண்டுகள். நான்கு பெண் நண்டுகளை உடனே விட்டோம். ஆண் நண்டுகள் ஐந்தில் இரண்டு குறைந்தபட்ச அளவான 6¼ அங்குல அளவுகோலுக்குள் நுழைந்துவிட்டன. ஒரு கோடு குறைந்தாலும் குறைவுதான் என்று அவற்றையும் விட்டோம். மீதி மூன்றும் ஓடு இறுகி, காலை அழுத்தினால் கல்போல் இருந்தன. பிடித்த நண்டுகளைக் குறிக்கும் அட்டையில் பதியும்போது பேனா ஈரத்தாளில் எழுதவில்லை. இனி பென்சில் கொண்டுபோவேன்.

பருத்திநூல் அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் மறுமொழியைப் படித்த இரவே கார் கொட்டகைக்குப் போய், மீட்ட இரண்டு கூண்டுகளையும் பார்த்தேன். ஒன்றில் பருத்தி நூல் இருந்தது. மற்றொன்றில் பச்சை நைலான் கயிறு. ஆகஸ்டில் நூல் அறுந்தபோது கையில் கிடைத்ததைக் கொண்டு நானேதான் கட்டினேன். இப்போது எடுத்து வந்த நான்காவதில் பருத்தி நூல்தான். அடியில் கிடக்கும் மூன்றாவதில் எதனால் கட்டினேன் என்பது எனக்கு நினைவில்லை. இடத்தையும் ஆழத்தையும் துறைக்குத் தெரிவித்துவிட்டேன், மூடியைப் பற்றிய இந்த ஐயத்தையும் சேர்த்து.