டயாலிசிஸ் நோயாளிக்குச் சபை உதவி: பட்டியல் போட்டுச் செய்வதா, பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்வதா?

செந்தூல்வாசி:
கோலாலம்பூர் தமிழ்க் கிறிஸ்தவச் சபைகள் பலவற்றில் இது ஒரே மாதிரிதான் நடக்கிறது. ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்தால் ஆஸ்பத்திரியில் இருக்கும் வாரம் வார்டு வாசலில் கூட்டம். வீடு திரும்பிய மறுநாள் நாலு வீட்டிலிருந்து கோழிக்கறி. மூன்றாம் வாரம் எட்டிப் பார்க்க ஆளில்லை. டயாலிசிஸோ வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காவிட்டால் கடைசிவரை அதுதான். கூட இருந்து பார்க்கும் மனைவியோ மகளோ சோர்ந்து விழுவது இரண்டாம் மாதத்தில். அப்போது நாம் அங்கே இருப்பதில்லை.

ஆகவே ஒவ்வொரு சபையிலும் பராமரிப்புக் குழு, அதற்கு ஒரே ஒருங்கிணைப்பாளர், 12 வாரத்துக்கு எழுத்தில் பட்டியல் வேண்டும். சாப்பாடு டயாலிசிஸ் நாளில் மட்டும் போகட்டும். வண்டிக்கு இரண்டு பேர்: கொண்டுபோய் விட ஒருவர், கூட்டி வர ஒருவர். ஒரே ஆள் என்றால் அரைநாள் லீவு எடுக்க வேண்டும், ஒரு மாதம்கூடத் தாங்கமாட்டார். பணத்தைக் கையில் கொடுக்காமல் பில்லை நேரே கட்டிவிடுவோம். நோயாளியின் படமும் வங்கிக் கணக்கு எண்ணும் வாட்ஸ்அப்பில் சுற்றவே கூடாது. பத்துக் கை மாறியபின் அந்த எண்ணை யாராவது மாற்றி அனுப்பினால் கண்டுபிடிக்க வழியில்லை.

பட்டர்வொர்த்_அக்கா:
தம்பி, நோக்கம் நல்லது. வழியைத்தான் நான் ஏற்கவில்லை. குழு என்று ஒன்று வந்ததும் மற்ற எல்லாரும் “குழு பார்த்துக்கும்” என்று ஒதுங்கிவிடுவார்கள். எட்டுக் குடும்பம் கூடும் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குத் தெரிவது ஒருங்கிணைப்பாளருக்குத் தெரியாது: அந்த வீட்டில் மாட்டிறைச்சி சேர்ப்பதில்லை, பிளாட்டில் லிப்ட் அடிக்கடி நின்றுவிடும், மகன் இரவு ஷிப்ட், காலை பத்துக்கு முன்னால் கதவைத் தட்டக்கூடாது. படிவத்தை நீட்டி “என்ன தேவை?” என்று கேட்டால் நம் ஆட்கள் “ஒண்ணும் வேண்டாங்க, ஜெபம் பண்ணுங்க” என்றுதான் சொல்வார்கள். தேவையைச் சொல்ல உறவு வேண்டும்.

பில்லைக் காட்டு, அப்போதுதான் கட்டுவேன் என்பது நல்ல பெயரோடு வாழ்ந்த குடும்பத்தைக் கூனிக் குறுக வைக்கும். உறையில் 100 வெள்ளி (ரிங்கிட்) வைத்துக் கையில் கொடுங்கள். பெட்ரோலா, பார்க்கிங்கா, டயப்பரா, அவர்களே முடிவு செய்யட்டும். “நீயோ தர்மஞ்செய்யும்போது, உன் தர்மம் அந்தரங்கமாயிருப்பதற்கு, உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது” என்று மத்தேயு 6:3 சொல்கிறதே.

சபை_மூப்பர்:
அப்போஸ்தலர் 6-ஐயும் பார்க்க வேண்டும், அக்கா. அன்றாடப் பந்தியில் கிரேக்கம் பேசிய விதவைகள் விடுபட்டார்கள். அன்பு குறைந்ததால் அல்ல, முறை இல்லாததால். அதற்காகத்தான் ஏழு பேரைத் தெரிந்துகொண்டார்கள். 1 தீமோத்தேயு 5-இல் விதவைகளுக்குப் பெயர்ப்பதிவே உண்டு, 60 வயது என்ற வரம்போடு. பதிவு வைப்பது அன்புக்கு விரோதம் என்று ஆதிச்சபை நினைக்கவில்லை.

ஜெபக்கூட்டம் பார்த்துக்கொள்ளும் என்பதில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஜெபக்கூட்டத்துக்கே வராதவரை யார் பார்ப்பது? தனியாக இருக்கும் தாத்தா, சபைக்கு வருவதை நிறுத்திவிட்ட குடும்பம், தோட்டத்திலிருந்து புதிதாக நகரத்துக்கு வந்தவர்கள். செல்வாக்குள்ள வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டியிருக்காது, இவர்களுக்கு ஒரு பொட்டலம் போகாது.

டயாலிசிஸ்_தாதி:
யார் கொண்டுபோவது என்று இரண்டு பக்கமும் பேசுகிறீர்கள். என்ன கொண்டுபோகிறீர்கள் என்பதை முதலில் கேளுங்கள். தப்பான சாப்பாடு டயாலிசிஸ் நோயாளியின் இதயத்தை நிறுத்திவிடும், மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். இளநீர், வாழைப்பழம், தக்காளி, புளி, கீரை, உருளைக்கிழங்கு, மரவள்ளி எல்லாவற்றிலும் அது அதிகம். நாம் அன்போடு எடுத்துப்போவதும் இதே பட்டியல்தான். ரசம், சாம்பார், முருங்கைக்கீரை, “உடம்புக்குக் குளிர்ச்சி” என்று இளநீர். காய்கறியைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளியுங்கள். கொட்டிய தண்ணீரைக் குழம்பில் சேர்த்தால் செய்த வேலை வீண். நட்சத்திரப்பழம் ஒரு துண்டுகூடக் கூடாது. அதன் நஞ்சு மூளையைத் தாக்கும், விடாத விக்கலில் தொடங்கி வலிப்புவரை போகும். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். நல்லதென்று நினைத்து அதைப் போடுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம்.

இன்னொன்று, பத்தியக் கஞ்சி. டயாலிசிஸ் தொடங்குமுன் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். தொடங்கியபின் நேர்மாறு, புரதம் வேண்டும்: முட்டை வெள்ளை, மீன், தோல் நீக்கிய கோழி. கஞ்சியில் புரதம் மிகக் குறைவு, தண்ணீரோ நிறைய. ஒரு நாளைக்கு 500 மில்லி, அதோடு முந்தின நாள் கழிந்த சிறுநீரின் அளவு என்றுதான் பலருக்குத் தண்ணீர்க் கணக்கு சொல்வார்கள். கஞ்சி, குழம்பு, ஐஸ் கட்டி எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் தாகத்தைக் கூட்டும், தாகம் தண்ணீரைக் குடிக்க வைக்கும். ஆளுக்கு ஆள் அளவு மாறும். மையத்தின் உணவு ஆலோசகர் கொடுத்த தாளைப் படம் எடுத்துச் சமைப்பவர் எல்லாருக்கும் அனுப்புங்கள்.

இது சபைக்காரர்களுக்கு மிக முக்கியம்: திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ் செய்பவருக்கு வெள்ளிக்குப் பிறகு நீண்ட இடைவெளி. ஞாயிறு ஆராதனை முடிந்து சபையில் போடும் சாப்பாடு, வாழைப்பழம், சர்பத் எல்லாம் அந்த இடைவெளியில், உடம்பில் கழிவும் நீரும் ஏறியிருக்கும் நாளில் விழுகிறது. அவருக்கென்று ஒரு தட்டைத் தனியாக எடுத்து வையுங்கள்.

பட்டர்வொர்த்_அக்கா:
தாதி அம்மா, இதை எல்லாருக்கும் அனுப்புகிறேன். ஆனால் பாருங்கள், இதற்கும் அலுவலகம் தேவைப்படவில்லையே? சமைக்கிற எட்டுப் பேருக்குத் தெரிந்தால் போதும்.

செந்தூல்வாசி:
எட்டுப் பேரில் ஒருத்தர் ஊருக்குப் போகிறார், பதிலுக்கு வருகிறவருக்கு யார் சொல்வது? நட்சத்திரப்பழம் அங்கேதான் நுழையும்.

வண்டி ஓட்டுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தாதி சொல்லுங்களேன்.

டயாலிசிஸ்_தாதி:
ஊசி போடும் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருப்பார்கள். அந்தக் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், பையை மாட்டாதீர்கள், அந்தப் பக்கம் இறுக்கமான கடிகாரமும் வேண்டாம். டயாலிசிஸ் முடிந்ததும் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். கொஞ்ச நேரம் உட்கார வைத்து, தலை சுற்றவில்லை என்று கேட்டபின் எழுப்புங்கள். வண்டியில் மயக்கம் வந்தால் சாலையோரம் நிறுத்தி இருக்கையைச் சாய்த்துக் காலை உயர்த்துங்கள். ஊசி போட்ட இடத்தில் ரத்தம் பீறிட்டால் பெரிய துணியைச் சுற்றக்கூடாது, உள்ளே ஒழுகுவது தெரியாது. சிறு பஞ்சுத்துணியை அந்தப் புள்ளியிலேயே வைத்து விரலால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்து அவசர எண் 999-ஐ அழையுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே அழுத்த முடியாது, நிறுத்த வேண்டும்.

கணக்குப்பெட்டி:
பணத்துக்கு வருகிறேன். அக்காவின் மனவருத்தம் நியாயமானது, ஆனாலும் கையில் ரொக்கம் மட்டுமே என்பதை எந்தப் பொருளாளரும் ஏற்க முடியாது. சபைப் பணம் காணிக்கைப் பணம். கேட்கத் தெரிந்தவர் மூன்று பேரிடம் கேட்டு வாங்குவார், கேட்கக் கூச்சப்படுபவர் ஒன்றும் பெறமாட்டார். பில்லைக் காட்டச் சொல்லவும் தேவையில்லை. தெனாகா (மின்சாரம்), தண்ணீர், டயாலிசிஸ் மையம் ஆகியவற்றின் கணக்கு எண் இருந்தால் இங்கிருந்தே கட்டலாம். குழுக் கூட்டக் குறிப்பில் நோயாளியின் பெயர் எழுதாமல் ஓர் அடையாள எண் மட்டும். பெயரும் எண்ணும் சேர்ந்த தாள் ஒன்றுதான், அது போதகரிடம். அதோடு மாதம் ஒரு சிறு தொகை, அக்கா சொன்னபடி உறையில், கேள்வி இல்லாமல். நூறு வெள்ளி என்றே வைத்துக்கொள்ளலாம்.

சபைப் பணத்தைவிடப் பெரியது அரசாங்கப் பணம், அதைத்தான் தவறவிடுகிறோம். வேலை செய்யும் வயதில் நோய் கண்டு, பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியிருந்தால் டயாலிசிஸ் செலவுக்கு உதவி கேட்க வழி உண்டு. 60 வயதைத் தாண்டி வருமானம் இல்லாதவர் சமூக நலத்துறையான ஜேகேஎம்மில் முதியோர் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். படுத்த படுக்கையானவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கும் தனி உதவி இருக்கிறது. படிவம் ஜேகேஎம் 18. மைகார்டு (அடையாள அட்டை) நகல், வங்கிப் புத்தக நகல், மருத்துவ அறிக்கை வேண்டும். தாமதம் பெரும்பாலும் அறிக்கையில்தான், ஆகவே முதல் வாரமே கேட்டுவிடுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு இருக்கிறது, அங்கிருந்து தொடங்கினால் அலைச்சல் குறையும். மலாய்ப் படிவத்தை நிரப்பித் தர ஓர் இளைஞரைக் குழுவில் வையுங்கள். 20 வெள்ளிப் பழக்கூடையைவிட அது ஆயிரம் மடங்கு உதவி.

வின்சென்ட்_சகோதரர்:
கத்தோலிக்கத் தரப்பிலிருந்து ஒரு வார்த்தை. வின்சென்ட் தே பவுல் சபை 1833-இல் பாரிஸில் தொடங்கியது. வீட்டுச் சந்திப்புக்கு இருவராகப் போவது அதன் பழைய வழக்கம். தனியாகப் போனால் பணம் பற்றிச் சந்தேகம் வரும், தனியாக இருக்கும் பெண் வீட்டுக்கு ஓர் ஆண் போவது இரு தரப்புக்கும் சங்கடம், கேட்டதைச் சரிபார்க்கவும் ஆள் இருக்காது. அந்த இருவரில் ஒருவர் அதே அன்பியத்தை (பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் கூடும் குழுவை)ச் சேர்ந்தவராக இருக்கட்டும், மற்றவர் வெளியிலிருந்து. அக்கா சொன்ன உறவும் கிடைக்கும், மூப்பர் சொன்ன ஓட்டையும் அடைபடும்.

பட்டர்வொர்த்_அக்கா:
இருவர் விஷயத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். ஒருங்கிணைப்பாளரும் இருக்கட்டும், ஆனால் ஜெபக்கூட்டத் தலைவரைக் கேட்காமல் அவர் வீட்டுக்குள் நுழையக்கூடாது. “என்ன வேண்டும்?” என்று கேட்பதையும் விடுங்கள். “செவ்வாய்க்கிழமை 11 மணிக்கு மீன் குழம்பும் சோறும் கொண்டுவரட்டுமா, அல்லது துணி துவைத்துத் தரட்டுமா?” என்று கேளுங்கள், பதில் வரும். திருப்பிக் கழுவித் தர வேண்டிய எவர்சில்வர் தூக்கு வேண்டாம், வீசிவிடும் டப்பா போதும். மூடியில் சமைத்த நேரத்தை எழுதுங்கள், நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். தேங்காய்ப்பால் இந்த ஊர் வெயிலில் சீக்கிரம் கெடும்.

ரொக்கம் பற்றி மட்டும் என் மனம் மாறவில்லை. நூறு வெள்ளியோடு நிறுத்துவது கஞ்சத்தனம் என்றுதான் இன்னும் சொல்வேன்.

டயாலிசிஸ்_தாதி:
பட்டியல் எழுதுகிறவர் கவனிக்க: கிறிஸ்துமஸ், தீபாவளி, சீனப் புத்தாண்டு வாரங்களில் மையங்கள் நாளை மாற்றுவதுண்டு. செவ்வாய் திங்களாகும், சனி ஞாயிறாகும். அந்த வாரம் ஓட்டுநரும் ஊரில் இருக்கமாட்டார், சமைப்பவரும் இருக்கமாட்டார். பண்டிகைக்கு முன்கூட்டியே மையத்தில் கேட்டு, அந்த வாரத்துக்குத் தனிப் பட்டியல் போட்டு, ஒவ்வொரு நாளுக்கும் மாற்றாள் பெயரையும் எழுதிவிடுங்கள்.