கூடைப்பந்தில் போஸ்ட்டில், அதாவது பேஸ்கட்டை ஒட்டி நிற்கும் ஆட்டக்காரரிடம், பந்தைக் கொடுத்து ஆடிய கல்லூரி அணிக்காரர்கள், அனுபவத்தைச் சொல்லுங்கள்

முன்னாள் பாயின்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்):
எங்கள் சென்டர் (உள்ளே ஆடும் உயரமானவர்) பேஸ்கட்டுக்குப் பக்கத்திலுள்ள இடது பிளாக்கில் இறங்கி, தன்னைக் காப்பவனை முதுகால் அடைத்துக்கொண்டு கை நீட்டுவார். பந்தை அங்கே சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். காப்பவன் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறான் என்று பார்த்து, மறுபக்கக் கைக்குத்தான் பாஸ் போக வேண்டும். மேலிருந்து கோணம் கிடைக்காவிட்டால் ஒரு டிரிபிள் போட்டு விங் எனப்படும் பக்கவாட்டுக்கு இறங்கி, அங்கிருந்து தரையில் தட்டிப் போகும் பவுன்ஸ் பாஸ். அதற்குள் அவர் கால் பெயின்ட்டுக்குள் (பேஸ்கட் முன்னுள்ள கட்டம்) மூன்று நொடிக்கு மேல் தங்கிவிட்டால் விசில் வேறு. ஆனால் பந்து சேர்ந்துவிட்டால் எதிரணியின் ஐந்து தலையும் உள்ளே திரும்பும். எனக்கு அதுதான் வேண்டும். டபுள் (ஒருவரை இருவர் சேர்ந்து காப்பது) வந்தால் எங்கேயோ ஒரு ஷூட்டர் தனியாக நிற்கிறான் என்று அர்த்தம்.

சென்டர் ஆடியவர்:
அண்ணா சொன்னது சரி. டபுள் பேஸ்லைன் (பேஸ்கட்டுக்குப் பின்னுள்ள எல்லைக்கோடு) பக்கமிருந்து வரும்போதுதான் கஷ்டம், கண்ணில் படாது. அதனால் பந்தைத் தாடைக்குக் கீழே இறுக்கிப் பிடித்து, முதலில் அந்தத் தோள் பக்கம் திரும்பிப் பார்ப்பேன். யாரும் வரவில்லையா, அப்புறம்தான் ஒரு கையால் தலைக்கு மேலாகச் சுழற்றிப் போடும் ஹூக் ஷாட். எதிரணி சென்டருக்கு ஆரம்பத்திலேயே இரண்டு ஃபவுல் வாங்கிக் கொடுத்துவிட்டால், பிறகு இன்னும் ஃபவுல் சேரும் என்று அவன் கையைத் தூக்கவே யோசிப்பான்.

விங் ஆடியவர்:
டபுளே வராவிட்டால்? 2024 என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரிகளுக்கான) ஆண்கள் இறுதிப் போட்டியைப் பாருங்கள். பர்டியூ பல்கலைக்கழக அணியின் சென்டர் சாக் ஈடி, 7 அடி 4 அங்குலம், தனியாக 37 புள்ளி எடுத்தார். ஜெயித்தது யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்), 75-60. உள்ளே பெரும்பாலும் ஒருவரையே அவரோடு மோதவிட்டு, மற்றவர்கள் ஷூட்டர்களை விட்டு நகரவே இல்லை. பர்டியூவால் எடுக்க முடிந்த த்ரீ (தொலைவிலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்) மொத்தமே 7, விழுந்தது 1.

இதே திட்டத்தை எங்களிடமும் ஓர் அணி போட்டது. சென்டர் போட்டுக்கொண்டே இருந்தார், நாங்கள் நால்வரும் நின்ற இடத்திலேயே நின்றோம். இடைவேளையில் கோச் மாற்றியது ஒன்றுதான்: பாஸ் கொடுத்தவன் உடனே பேஸ்கட்டை நோக்கி வெட்டி ஓட வேண்டும், எதிர் கார்னரில் இருப்பவன் மேலே ஏறி வர வேண்டும். அதன்பிறகு எங்களைக் காத்தவர்களும் ஓட வேண்டியதாயிற்று. சென்டர் கையிலிருந்தே நேராக லே-அப்புக்கு (பேஸ்கட்டுக்கு அருகே ஓடிப்போய்ப் போடும் ஷாட்) பாஸ் வர ஆரம்பித்தது. டபுள் போடாத அணிக்கு எதிராக வேறு வழி பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.