திரும்பும்போது ட்ராக் கழல்கிறது, ரிசீவரும் அணைகிறது – ஆர்.சி. புல்டோசர், உதவி தேவை

கைவேலை
வணக்கம். ஹாக்சா, அரம், கை டிரில், ஒரு சின்ன வைஸ். இவ்வளவை மட்டும் வைத்து ஆர்.சி. (ரிமோட்டில் ஓடும்) புல்டோசர் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு ட்ராக்குக்கும் 3 மி.மீ. அலுமினியத் தகடு இரண்டு; உள்தகடு ஒன்று, வெளித்தகடு ஒன்று. சைக்கிள் செயினில் ஆங்கிள் துண்டுகளைப் பட்டைகளாகப் போல்ட் போட்டதுதான் ட்ராக். பின்னால் 12 பல் ஸ்பிராக்கெட், அதையும் தகட்டில் அரத்தால் ராவி எடுத்தேன். முன்னால் பல் இல்லாமல் சும்மா சுழலும் ஐட்லர் சக்கரம்.

நேராக அருமையாகப் போகிறது. நின்ற இடத்தில் திருப்பினால் இடது ட்ராக் ஐட்லரிலிருந்து வெளிப்பக்கமாகக் கழல்கிறது. அதே நேரம் ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் ஒரு நொடி அணைந்து திரும்ப வருகிறது. பிளேடைத் தூக்கும் சர்வோ மோட்டாரும் துடிக்கிறது. எட்டு ஏ.ஏ. நிக்கல் செல், ஸ்பிரிங் ஹோல்டரில். ரிசீவர் கெட்டுவிட்டதா? புதிதாக வாங்கவா?

சர்க்யூட் பித்தன்
வாங்காதீங்க. முதலில் வண்டியை ஒரு கட்டை மேல் ஏற்றி, ட்ராக் தரையில் படாமல் திருப்பிப் பாருங்க. அப்போது அணையாவிட்டால் ரிசீவர் மேல் தப்பில்லை. அப்புறம் மல்டிமீட்டரை பேட்டரி முனையில் வைத்து, தரையில் திருப்பும்போது எவ்வளவு இறங்குகிறது என்று சொல்லுங்க.

செயின் சேகரம்
பழைய செயினா? 24 கண்ணியை இழுத்துப் பிடித்து அளந்தால் 304.8 மி.மீ. வர வேண்டும். ஒரு பக்கம் தேய்ந்த செயினாக இருந்தால் அந்தப் பக்கம் தொய்ந்து கழலும்.

கைவேலை
செயின் இரண்டும் புதுசு, அளவு சரியாக இருக்கிறது. கட்டை மேல் எல்லாம் சரி: ட்ராக்கும் கழலவில்லை, ரிசீவரும் அணையவில்லை. தரையில் திருப்பும்போது 9.9 வோல்ட் 5.2-க்கு விழுகிறது!

சர்க்யூட் பித்தன்
அதுதான். ரிசீவருக்கான 5 வோல்ட்டை ஸ்பீடு கண்ட்ரோலர் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) அந்த பேட்டரியிலிருந்துதான் எடுக்கிறது. உள்ளே 5.2 வந்தால் வெளியே 5 வராது, ரிசீவர் அணையத்தான் செய்யும். ஸ்பிரிங் ஹோல்டர் இவ்வளவு கரண்டைத் தாங்காது. செல்களைப் பட்டை வைத்து இணைத்த பேக்காக மாற்றுங்க. ரிசீவருக்குத் தனியாக 4.8 வோல்ட் பேக் வைத்தால் இன்னும் நல்லது. அப்படி வைத்தால் இரண்டு கண்ட்ரோலரிலிருந்தும் ரிசீவருக்குப் போகும் சிவப்புக் கம்பியை மட்டும் கழற்றணும். கறுப்பைக் கழற்றவே கூடாது, சிக்னலுக்கு அந்தப் பொதுத் தரை வேணும்.

ஓய்வுபெற்ற ஃபிட்டர்
தம்பி, பேட்டரியை மாத்துறதுக்கு முன்னாடி, மோட்டார் ஏன் இவ்வளவு கரண்ட் குடிக்குதுன்னு பாரு. இல்லேன்னா நல்ல பேட்டரி போட்டு கியரை உடைச்சுடுவே.

தரையில படுற ட்ராக்கோட நீளம் எவ்வளவு? ரெண்டு ட்ராக்குக்கும் நடுக்கோட்டுலருந்து நடுக்கோடு எவ்வளவு?

இன்னொண்ணு. இடது பக்கம் மட்டும், அதுவும் வெளியே மட்டும் கழலுதுன்னா அச்சு கோணலா இருக்கு. ஸ்பிராக்கெட் அச்சுக்கும் ஐட்லர் அச்சுக்கும் உள்ள தூரத்தை உள்தகட்டுல ஒரு தடவை, வெளித்தகட்டுல ஒரு தடவை அளந்து சொல்லு.

கைவேலை
நீளம் 260 மி.மீ., இடைவெளி 120. அச்சுத் தூரம் வலது பக்கம் இரண்டு தகட்டிலும் 260. இடது பக்கம் உள்தகட்டில் 262, வெளித்தகட்டில் 260. தகடுகளைத் தனித்தனியாகத் துளைத்தேன் ஐயா.

ஓய்வுபெற்ற ஃபிட்டர்
பாத்தியா, செயின் தூரம் குறைஞ்ச பக்கமா நழுவுது. கை டிரில்ல துளை ஓடத்தான் செய்யும், அது உன் குத்தம் இல்ல. அடுத்த தடவை ரெண்டு தகட்டையும் சேத்து வைஸ்ல கட்டி, சென்டர் பஞ்ச் அடிச்சு, 3 மி.மீ. பிட்டுல முதல் துளையை ஒரே தடவையா போடு. அதுல போல்ட்டைப் போட்டு இறுக்கிட்டு ரெண்டாவதைப் போடு. தகடு நகரவே நகராது.

இப்போ தகட்டை வீசாதே. ஐட்லர் துளையை உருட்டு அரத்தால முன்பின்னா நீட்டி, காடி ஆக்கு. ஒவ்வொரு தகட்டுலயும் இழுக்கிறதுக்கு ஒரு போல்ட் வை. கோணலும் சரியாகும், ட்ராக் இறுக்கமும் உன் கையில இருக்கும். ரொம்ப இறுக்காதே, ட்ராக்கோட மேல் பக்கம் நடுவுல 10 மி.மீ. போலத் தொங்கணும். ஐட்லருக்கு ரெண்டு பக்கமும் விளிம்பு வட்டு வை.

அகலமும் போதாது. 260-ஐ 120-ஆல வகுத்தா 2.17 வருது. 1.7-ஐத் தாண்டினாலே வண்டி திரும்ப முரண்டு பிடிக்கும், ட்ராக் பக்கவாட்டுல தரையை உழுதுக்கிட்டுதான் திரும்பணும். உன் மோட்டார் குடிக்கிற கரண்ட் பூரா அங்கதான் போகுது. இடைவெளியை 160 ஆக்கு.

கைவேலை
இரண்டு ட்ராக்கையும் இணைப்பது எம்6 ஸ்டட் (6 மி.மீ. மரைக் கம்பி)தான். நீளமாக நான்கு வெட்டிப் போட்டு 160 ஆக்கினேன். ஐட்லர் துளையைக் காடியாக்க ஒரு மாலை முழுக்க ராவினேன். விளிம்பு வட்டும் வைத்தாயிற்று.

அதே ஹோல்டர், அதே செல். திருப்பும்போது இப்போது 7.6-க்குக் கீழே இறங்கவில்லை. ரிசீவர் ஒருமுறைகூட அணையவில்லை. மணலில் இருபது தடவைக்கு மேல் சுற்றிவிட்டேன், ட்ராக் இடத்திலேயே இருக்கிறது. நன்றி ஐயா, மனசு நிறைந்துவிட்டது.

சர்க்யூட் பித்தன்
மகிழ்ச்சி! ஆனாலும் ஹோல்டரை மாத்திடுங்க. பிளேடில் மண் சேர்ந்து தள்ளும்போது மோட்டார் மறுபடி திணறும்.

கைவேலை
சரி அண்ணா, பேக் வந்ததும் மண் தள்ளும்போது எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து இங்கேயே போடுகிறேன்.