டைபாய்டில் பித்தப்பை வீங்கினால் எடுத்தே ஆகணுமா?

வார்டு டூட்டி:
9 வயதுப் பையன், 22 கிலோ. பிளட் கல்ச்சரில் டைபாய்டு உறுதி. காய்ச்சலின் 12ஆம் நாள், செஃப்ட்ரியாக்ஸோன் (ஆன்டிபயாடிக் ஊசி) ஆரம்பித்து 4 நாள். நேற்றிலிருந்து வலப்பக்க மேல்வயிற்றில் வலி, வாந்தி. ஸ்கேனில் பித்தப்பைச் சுவர் தடித்து 7 மி.மீ., சுற்றிலும் லேசாக நீர், கல் இல்லை. காய்ச்சல் 102க்குக் கீழே வரவில்லை. மருந்து வேலை செய்யவில்லையா? பித்தப்பையை எடுக்கச் சொல்லலாமா?

குழந்தை மருத்துவம்:
அவசரப்படாதீங்க. செஃப்ட்ரியாக்ஸோன் நன்றாக வேலை செய்யும் டைபாய்டிலேயே காய்ச்சல் இறங்க 4 முதல் 6 நாள் பிடிக்கும். முதலில் சென்சிடிவிட்டி ரிப்போர்ட்டை, அதாவது கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்பதைப் பாருங்க. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் கிளம்பிய டைபாய்டு கிருமி ரகம் இந்த மருந்துக்கே மசியாது, ஆனால் வேறு ஆன்டிபயாடிக்குகளான அசித்ரோமைசினுக்கும் மெரோபெனெமுக்கும் அடங்கும்.

டோஸையும் சரிபாருங்க: கிலோவுக்கு 80 மி.கி. என்றால் இவனுக்கு நாளுக்குச் சுமார் 1.75 கிராம். வாய்வழி எதுவும் வேண்டாம், டிரிப்ஸ் போடுங்க. சுவர் தடிப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீங்க. டெங்கு, மஞ்சள் காமாலை, ஆல்புமின் (இரத்தப் புரதம்) குறைவு எல்லாவற்றிலும் தடிக்கும். சாப்பிட்டுச் சுருங்கிய பையை அளந்தாலும் தடிமனாகத்தான் காட்டும்.

கத்தியும் நூலும்:
கல் இல்லாத இந்த வீக்கம் பெரும்பாலும் மருந்திலேயே வடிந்துவிடும். எடுக்கவேண்டியது சுவர் அழுகினால், ஓட்டை விழுந்தால், சீழ் கட்டினால்தான். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை வயிற்றைத் தொட்டுப் பாருங்க, 24 மணி நேரத்தில் மறுபடி ஸ்கேன்.

எனக்குப் பயம் தருவது: பை நாளுக்கு நாள் பெருப்பது, சுவரில் காற்று, உள்ளே மிதக்கும் சவ்வு, சுவரில் இடைவெளி, வயிறு பலகையாக இறுகுவது. டைபாய்டில் இரத்த வெள்ளணு பொதுவாகக் குறைவாகவோ இயல்பாகவோ இருக்கும். அது திடீரென ஏறினால் ஏதோ கெட்டுப்போயிருக்கு.

ஓட்டை என்றால் முதலில் சிறுகுடலைத்தான் சந்தேகிக்கணும். அதுதான் அதிகம். நிற்கவைத்து எக்ஸ்ரே எடுங்க. உதரவிதானத்துக்கு அடியில் காற்று தெரிந்தால் குடல். பித்தப்பை ஓட்டையில் பெரும்பாலும் காற்று இருக்காது, வயிற்றில் ஊசி போட்டு இழுத்தால் பித்தநீர் வரும். வயிற்றைத் திறந்தவர் பித்தப்பையோடு நிறுத்தக் கூடாது. இலியத்தின் (சிறுகுடலின் கடைப்பகுதி) கடைசி 60 செ.மீ.யைக் கையால் உருட்டிப் பார்த்தே ஆகணும், இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு.

பித்தப்பையின் அடிப்பகுதி கட்டிபோல ஒட்டிப் பித்தக் குழாய் பிரிந்து தெரியவில்லை என்றால் பிடிவாதமாகக் குடையாதீங்க. மேல்நுனியிலிருந்து பிரித்து, முடியாததை அப்படியே விட்டு, பாதிப் பையை மட்டும் எடுத்து டிரெய்ன் (கசிவை வடிக்கும் குழாய்) வைங்க. மயக்க மருந்து தாங்காத நிலையில் ஸ்கேன் வழிகாட்டலில் கல்லீரல் வழியாக ஒரு பிக்டெயில் குழாய் (நுனி சுருண்ட வடிகுழாய்) பித்தப்பைக்குள் போட்டால் போதும். பித்தநீரைக் கல்ச்சருக்கு அனுப்ப மறக்காதீங்க.

வார்டு டூட்டி:
நன்றி சார். இன்றைய ஸ்கேனில் சுவர் 5 மி.மீ.க்கு இறங்கியிருக்கு, வலியும் குறைவு. ஆனால் அடியில் கசடு, நிழல் விழும் சின்னக் கற்கள் மாதிரி. நேற்று இல்லையே?

குழந்தை மருத்துவம்:
அது செஃப்ட்ரியாக்ஸோன் கால்சியத்தோடு சேர்ந்து படிந்த பொய்க்கல். நிறுத்தினால் சில வாரங்களில் கரைந்துபோகும். இதைக் கல் என்று எழுதிக் குழந்தையை ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பும் தவறு நடக்கிறது. வலி மறுபடி கூடினால் அதே வகையைச் சேர்ந்த செஃபோடாக்ஸைமுக்கு மாற்றலாம்.

கல்ச்சர் தட்டு:
ஒரு சேர்க்கை. ஒருவருடம் கழித்தும் மலத்தில் கிருமி வெளியேறினால் அவர் நாள்பட்ட சுமப்பாளர். டைபாய்டு வந்தவர்களில் சுமார் 1 முதல் 5 சதவீதம், பெரும்பாலும் பித்தப்பைக் கல் உள்ள நடுவயதுப் பெண்கள். குழந்தைகளில் அரிது. கல்லின் மேல் கிருமி பாசிபோலப் படலம் கட்டும், மாத்திரை உள்ளே புகாது. கல் இல்லாமல், கிருமியும் மருந்துக்கு மசிந்தால், பெரியவர்களுக்குச் சிப்ரோஃப்ளாக்ஸாசின் 750 மி.கி. தினம் இருவேளை, 28 நாள். கல் இருந்தால் பித்தப்பையை எடுக்கணும், அறுவைக்கு முன்னும் பின்னும் மருந்தோடு. கல்லீரலுக்குள் இருக்கும் சிறு பித்தக் குழாய்களிலும் கிருமி ஒளிந்திருப்பதால், பையை எடுத்த எல்லாருக்கும் கிருமி வெளியேறுவது நிற்பதில்லை. மாத இடைவெளியில் மூன்று மலக் கல்ச்சரும் சுத்தமாக வரும்வரை சமையல் வேலைக்கு விடாதீங்க.