வாரண்டி விற்கும் நிறுவனங்களிடம் அரசு பிணைத்தொகை கேட்க வேண்டுமா?

முத்தியால்பேட்டை வாசகி:
2021-இல் ஏசி வாங்கியபோது கடையிலேயே மூன்று ஆண்டு எக்ஸ்டெண்டட் வாரண்டியும் எடுத்தோம். தயாரிப்பாளரின் ஓராண்டு முடிந்த பிறகு அது தொடங்கும் என்றார்கள். 2024 கோடையில் வெளி யூனிட்டின் செம்புக் குழாய் உப்புக் காற்றில் பச்சை பூத்து, காயிலின் தகடுகள் விரல் பட்டாலே உதிரும் நிலைக்கு வந்து, கேஸ் முழுவதும் வெளியேறிவிட்டது. வாரண்டி அட்டையில் இருந்த தொலைபேசி எண் உபயோகத்தில் இல்லை. விற்றுக் கொடுத்ததோடு தம் பொறுப்பு முடிந்தது என்றார் கடைக்காரர். அட்டையின் பின்புறத்திலும் பொடி எழுத்தில் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது.

சீட்டு நடத்துபவர், 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைக் காட்டிய பிறகே சீட்டைத் தொடங்க முடியும். நாளை செய்து தருவதாகச் சொல்லி இன்றே பணம் வாங்கும் வாரண்டி நிறுவனத்திடம் மட்டும் ஏன் எதையும் கேட்பதில்லை?

மஞ்சக்குப்பம் கடைக்காரர்:
அம்மா, உங்களுக்கு நேர்ந்தது அநியாயம்தான். ஆனால் நீங்கள் கேட்கும் மருந்து எங்களைப் போன்றவர்களைத்தான் முதலில் கொல்லும். கடலூரில் கடையோடு இரண்டு மெக்கானிக்குகளை வைத்து, சுமார் நூறு வீடுகளுக்கு ஏஎம்சி, அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், செய்து வருகிறேன். இதைக் காப்பீடு என்று கருதி ஒழுங்குபடுத்தத் தொடங்கினால், காப்பீட்டு நிறுவனத்துக்குச் சட்டம் கேட்கும் 100 கோடி ரூபாய் மூலதனத்துக்கு நான் எங்கே போவேன்? பெரிய நிறுவனங்கள் மட்டுமே மிஞ்சும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே இல்லாமல் மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம். அது போதும்.

புதுச்சேரி வழக்கறிஞர்:
போதாது ஐயா. உத்தரவு வாங்குவது ஒன்று, பணம் வாங்குவது வேறு. சொத்தில்லாமல் காணாமற்போன நிறுவனத்தின் மீது பெற்ற உத்தரவு வெறும் தாள்தான்.

அதே சமயம், 100 கோடி என்ற அச்சமும் தேவையில்லை. அமெரிக்காவில் 1945 முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை பெரும்பாலும் மாநிலங்களின் கையில் இருப்பதால், அம்மாநிலங்களின் காப்பீட்டு ஆணையர்கள் கூடி, இத்தகைய ஒப்பந்தங்களுக்கென்றே ஒரு மாதிரிச் சட்டம் வகுத்தார்கள். அதில் மூன்று வழிகள் உண்டு. ஒப்பந்தங்கள் அனைத்தையும் ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் காப்பீடு செய்யலாம். அல்லது வசூலித்த தொகையில், கொடுத்த இழப்பீடு போக, 40 விழுக்காட்டைத் தனி நிதியாக வைத்து, கூடவே 5 விழுக்காட்டை, குறைந்தது 25,000 டாலரையாவது, பிணையாகக் கட்டலாம். அல்லது 10 கோடி டாலர் நிகர மதிப்பைக் காட்டலாம். முதல் வழி சிறியவர்களுக்கும் திறந்தே இருக்கிறது.

மஞ்சக்குப்பம் கடைக்காரர்:
அந்த 40 எந்தக் கணக்கு? தேவனாம்பட்டினத்தில் கடலைப் பார்த்து நிற்கும் யூனிட்டும் நெய்வேலியில் இருக்கும் யூனிட்டும் ஒரே வேகத்தில் துருப்பிடிப்பதில்லை. ஓரிடத்தில் பணம் வீணாக முடங்கும், இன்னோரிடத்தில் பற்றாது. மேலும், புதுச்சேரியில் ஒரு சட்டம் வந்தால் அது எல்லையிலுள்ள முள்ளோடையோடு நின்றுவிடும். என் வாடிக்கையாளரில் பாதிப் பேர் எல்லைக்கு அப்பால், புதுச்சேரியின் பாகூர்ப் பக்கத்தவர்கள். அவர்களுக்கு நான் எந்த ஊர்ச் சட்டப்படி ரசீது கொடுப்பது?

முத்தியால்பேட்டை வாசகி:
முள்ளோடைக் கேள்வி நியாயமானது. இரு அரசுகளும் ஒரே விதியை வகுக்க வேண்டும். ஆனால் நிதி எதற்கு என்று வங்கிக் கணக்கு வேலையில் காலம் கழித்தவள் என்ற முறையில் சொல்கிறேன். எங்களிடம் 2021-இல் வாங்கிய பணத்துக்கு முதல் ஓராண்டு முழுவதும் ஒரு ரூபாய் செலவும் வராது, ஏனெனில் அந்த ஆண்டின் பழுதைத் தயாரிப்பாளரே பார்த்துக்கொள்கிறார். வாங்கிய தொகையை அப்படியே லாபமாகக் காட்டி விளம்பரத்துக்கும் வாடகைக்கும் செலவழித்துவிடும் நிறுவனம், மூன்றாம் நான்காம் ஆண்டில் பழுதுகள் வரிசைகட்டி வரும்போது, புதிதாகச் சேர்ந்தவர்களின் பணத்தைக் கொண்டுதான் பழையவர்களுக்குச் செய்ய முடியும். விற்பனை குறைந்த அன்றே அது கவிழும். வருவாய் என்று எழுதிக்கொள்ள இன்னும் உரிமை வராத பணம் அது. அதற்கு அரசு பூட்டுப் போட வேண்டும்.

புதுச்சேரி வழக்கறிஞர்:
காப்பீடு ஒன்றியப் பட்டியலில், அதாவது நாடாளுமன்றம் சட்டமியற்ற வேண்டிய பொருள்களின் பட்டியலில், இருப்பதால் நம்மால் முடியுமா என்று சிலர் கேட்கலாம். வைப்புத்தொகையாளர் நலனுக்காகப் புதுச்சேரி 2004-இல் இயற்றிய சட்டத்தின் மீதும் இதே எதிர்ப்பு எழுந்தது; உச்ச நீதிமன்றம் அதை 2012-இல் செல்லும் என்றே தீர்த்தது. அதே பாதையில் இதற்கும் முயலலாம் என்பது என் கருத்து.

நான் மிகவும் மதிக்கும் பிரிவு இன்னொன்று. அந்த மாதிரிச் சட்டத்தின் காப்பீட்டு வழியில், ஆதாரம் கொடுத்து 60 நாள்களுக்குள் வாரண்டி நிறுவனம் பழுதைத் தீர்க்காவிட்டால், வாடிக்கையாளர் நேரே காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்கலாம். அட்டையில் அதன் பெயர் இருந்திருந்தால், அம்மையார் செத்த எண்ணுக்கு அழைத்துக் கொண்டிருக்க வேண்டியதில்லை. குறித்த கால இடைவெளியில் செய்யும் பராமரிப்புக்கு மட்டுமான ஒப்பந்தங்களுக்கு அங்கே விலக்கும் உண்டு.

மஞ்சக்குப்பம் கடைக்காரர்:
அப்படியானால் எனக்கு விலக்கு உண்டுதானே?

புதுச்சேரி வழக்கறிஞர்:
வாட்டர் சர்வீஸும் ஃபில்டர் சுத்தமும் மட்டுமென்றால் உண்டு. கம்ப்ரஸர், கேஸ் எல்லாம் அடங்கிய காம்ப்ரிஹென்சிவ் என்றால் இல்லை.

மஞ்சக்குப்பம் கடைக்காரர்:
நூறில் அறுபது காம்ப்ரிஹென்சிவ்தான். மறைக்கவில்லை: சென்ற மே மாதம் ஒரே வாரத்தில் மூன்று கம்ப்ரஸர் போனபோது, புதிதாகச் சேர்ந்த வீடுகளின் பணத்தில்தான் மாற்றிக் கொடுத்தேன். அம்மா எழுதிய கணக்கைப் படித்ததும் அந்த வாரம்தான் நினைவுக்கு வந்தது. காப்பீட்டு நிறுவனத்தின் பெயரை அட்டையில் அச்சிடும் விதியை ஏற்கிறேன். ஆனால் அறுபது வீட்டுக்காரனுக்கு பாலிசி எழுதித் தர எந்தக் காப்பீட்டு நிறுவனமும் முன்வராத வரையில், நாற்பது விழுக்காடு விதியை எங்கள் மேல் சுமத்துவதை எதிர்ப்பேன்.